எங்கே ஈரம்? பனி ஊரின் குளிர்காலக் கோளாறுகள், வீட்டிலிருந்து சறுக்குத்தடம் வரை

பனி கொட்டும் ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு குளிரும்?" என்றுதான். பூஜ்யத்துக்குக் கீழே 20 என்று சொன்னால் முகம் வெளுத்துவிடுகிறது. உண்மையில் அந்த 20-ஐ ஒரு நல்ல மேலங்கியும் ஒழுங்காக வேலை செய்யும் ஹீட்டரும் பார்த்துக்கொள்ளும். இத்தனை குளிர்காலங்களாக என்னை அலைக்கழித்தது தண்ணீர்தான். சன்னல் அழுவது, குழாய் அடைத்துக்கொள்வது, கூரை ஒழுகுவது, கால் விறைப்பது, ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை) தரையோடு ஒட்டிக்கொள்வது என்று எதை எடுத்துக்கொண்டாலும், இருக்கக்கூடாத இடத்தில் கொஞ்சம் ஈரம் புகுந்திருக்கும்.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

சொல் பற்றி ஒரு குறிப்பு மட்டும். தமிழில் புல்நுனித் துளியும் பனி, காலை மூட்டமும் பனி, வானத்திலிருந்து பஞ்சாக விழுவதும் பனி. இங்கே பனி என்றால் பஞ்சாக விழுவது மட்டுமே. உறைந்து கெட்டியானதைப் பனிக்கட்டி என்கிறேன். முன்னதில் விழுந்தால் சிரித்துக்கொண்டே எழுந்திருக்கலாம். பின்னதில் விழுந்தால் மாவுக்கட்டுதான்.

சன்னலில் நீர் வழிகிறது, சுவர் மூலையில் கறுப்புப் புள்ளிகள்

கண்ணாடி ஒழுகுகிறது என்று நினைத்து வெளியே போய்ப் பார்க்காதீர்கள். அந்த நீர் உங்கள் வீட்டுக்குள்ளேயே உண்டானது: சமையல் ஆவி, குளியல் ஆவி, உலரப் போட்ட துணி, நீங்கள் விடும் மூச்சு. 20 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில், சுமார் 9 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பிலும் நீர் கோக்கும். குளிர்கால இரவில் சன்னல் கண்ணாடி அதைவிடக் குளிர்ந்துதான் இருக்கும்.

முதல் வேலை, ஈரப்பதம் காட்டும் சிறு மானி ஒன்று வாங்கி வைப்பது. வெளியே கடுங்குளிரென்றால் உள்ளே 30 முதல் 40 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குளித்து முடித்தபின்னும் எக்ஸாஸ்ட் ஃபேன் கால் மணி நேரம் ஓடட்டும். பகலில் திரைச்சீலையை விலக்கி விடுங்கள். கண்ணாடிமேல் அறையின் சூடு பட வேண்டும். அலமாரியையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளிப் போடுங்கள். கறுப்புப் புள்ளிகள் பூஞ்சை. துடைத்தால் போகும், காற்றோட்டம் இல்லாவிட்டால் அடுத்த வாரமே திரும்பி வரும். துணி உலர்த்துவதை மட்டும் நிறுத்திப் பாருங்கள். பாதி அழுகை அன்றே நின்றுவிடும்.

மூக்கு காய்கிறது, கதவுப்பிடியைத் தொட்டால் சுரீர் என்கிறது

இது முந்தையதற்கு நேரெதிர்க் கோளாறு. பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீர் 2.4 கிராம்கூட இல்லை. அதே காற்றை உள்ளே இழுத்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதற்கு 17 கிராம் கொள்ளும். நீரோ அதே 2.4 கிராம்தான். ஈரப்பதம் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, கிடைத்த இடத்திலெல்லாம் நீரை உறிஞ்சும்: உங்கள் மூக்கில், உதட்டில், மரச்சாமான்களில். ஈரப்பதமூட்டி வைக்கலாம், ஆனால் மானியைப் பார்த்து வையுங்கள். சன்னல் அழத் தொடங்கினால் அதை நிறுத்துங்கள். துணி உலர்த்த வேண்டுமா, இப்போது உலர்த்துங்கள்.

குழாயைத் திறந்தால் நூலாக வருகிறது, அல்லது வரவே இல்லை

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பனி ஊர் வீட்டில் அதிகச் செலவு வைக்கும் கோளாறு இதுதான். முதல் பத்து நிமிடத்தில் செய்யும் தவறுதான் அந்தச் செலவைக் கூட்டும்.

ஒரு குழாயில் மட்டும் நீர் இல்லையா, வீடு முழுக்க இல்லையா என்று முதலில் பாருங்கள். முழுக்க இல்லையென்றால் வீட்டுக்குள் வரும் முதன்மைக் குழாய் உறைந்திருக்கலாம், அல்லது ஊர் வினியோகமே நின்றிருக்கலாம். அக்கம்பக்கத்தில் கேளுங்கள். ஒன்றில் மட்டுமென்றால் அது பெரும்பாலும் வெளிச்சுவரை ஒட்டிப் போகும் குழாயாக, சமையலறைத் தொட்டிக்குக் கீழே மூடிய அலமாரிக்குள் இருக்கும்.

உறையும்போது நீர் சுமார் 9 சதவீதம் பருக்கிறது. இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கட்டி உண்டான இடத்திலேயே குழாய் வெடிக்கும் என்று நினைப்பது தவறு. கட்டி வளர வளர, அதற்கும் மூடிய குழாய்வாய்க்கும் நடுவே அகப்பட்ட நீர் நெருக்கப்படுகிறது. அந்த அழுத்தம் தாங்காமல்தான் குழாய் பிளக்கிறது. பல சமயம் பிளவு, கட்டி இருக்கும் இடத்தைவிட்டுத் தள்ளி இருக்கும். அதனால் முதலில் செய்ய வேண்டியது, நீர் வராவிட்டாலும் குழாய்வாயைத் திறந்து வைப்பது. அழுத்தத்துக்கு ஒரு வழி கிடைத்துவிடும்.

அடுத்து, வீட்டின் முதன்மை வால்வு எங்கே என்று பார்த்து, ஒருவரை அதன் பக்கத்தில் நிறுத்துங்கள். குழாய் ஏற்கெனவே பிளந்திருந்தால், கட்டி இருக்கும்வரை அதுவே தக்கை. உருகினால்தான் வெள்ளம் தெரியும். அந்த நேரத்தில் வால்வைத் தேடி ஓடக்கூடாது.

பிறகு சூடு. ஹேர் டிரையர் போதும், சூடான நீரில் நனைத்துப் பிழிந்த துண்டும் போதும். மின்கருவியைப் பிடிக்கும் கையும் நிற்கும் தரையும் உலர்ந்திருக்க வேண்டும். குழாய்வாயிலிருந்து தொடங்கி உறைந்த பகுதியை நோக்கிப் போங்கள். நடுவில் சூடு வைத்தால், உருகிய நீரும் ஆவியும் வெளியேற வழியின்றி இரு கட்டிகளுக்கு இடையில் அகப்பட்டுக்கொள்ளும். தீப்பந்தம், கேஸ் விளக்கு, மெழுகுவர்த்தி எதுவும் வேண்டாம். சுவருக்குள் மரம் இருக்கிறது, பஞ்சு இருக்கிறது. குழாயைக் காப்பாற்றப் போய் வீட்டை எரித்தவர்கள் உண்டு.

மறுமுறை வராதிருக்க: கடுங்குளிர் இரவுகளில் அந்தக் குழாயிலிருந்து நீர் மெல்லச் சொட்டட்டும், தொட்டிக்குக் கீழுள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். ஊருக்குப் போகும்போது ஹீட்டரை அணைத்துவிடாதீர்கள். 13 டிகிரிக்குக் குறையாமல் வைத்து, முதன்மை வால்வை மூடிவிட்டுப் போங்கள். தோட்டத்துக் குழாயில் மாட்டிய ரப்பர் ஹோஸை இலையுதிர்காலத்திலேயே கழற்றியாக வேண்டும். என் வீட்டில் ஒருமுறை அதை மறந்தேன். குளிர்காலம் முழுக்க ஒன்றுமில்லை. இளவேனிலில் செடிக்கு நீர் ஊற்றத் திறந்தபோது, வெளியே வர வேண்டிய நீர் நிலவறைச் சுவரில் இறங்கியது. பிளந்தது எப்போதோ, தெரிந்தது அன்றைக்கு.

கூரை ஓரத்தில் பனிக்கட்டி ஈட்டிகள், உட்கூரையில் மஞ்சள் கறை

படம் எடுக்க அழகாக இருக்கும். ஆனால் ஈட்டிகள் நீளமாகத் தொங்கும் கூரை, வீட்டுச் சூட்டை மேலே விட்டுக்கொண்டிருக்கும் கூரை. பரணுக்குள் கசியும் சூடு கூரைமேல் உள்ள பனியை அடியிலிருந்து உருக்குகிறது. நீர் சரிவில் வழிந்து வருகிறது. சுவருக்கு வெளியே நீண்டிருக்கும் தாழ்வாரத்தின் கீழே சூடு இல்லை. அங்கே வந்ததும் மறுபடி உறைந்து அணையாகிறது. அணைக்குப் பின்னால் தேங்கும் நீர், ஓட்டுக்கு அடியில் புகுந்து உங்கள் படுக்கையறைக்கு வருகிறது.

இன்றைக்குச் செய்யக்கூடியது, நீண்ட கைப்பிடியுள்ள கூரை வாரியால் தரையில் நின்றபடியே தாழ்வாரத்திலிருந்து மேலே ஒரு மீட்டர் அளவுக்குப் பனியை இழுத்துத் தள்ளுவது. மின்கம்பி பக்கத்தில் இருந்தால் அதையும் செய்யாதீர்கள். நீர் ஏற்கெனவே உள்ளே வருகிறதென்றால், பழைய நீளக் காலுறைக்குள் கால்சியம் குளோரைடு நிரப்பி அணைக்குக் குறுக்கே கிடத்துங்கள். மெல்ல உருக்கி ஒரு கால்வாய் வெட்டிக்கொடுக்கும். கோடாரியோடு ஏணியில் ஏற வேண்டாம். கட்டியோடு ஓடும் பெயரும், ஏணியும் வழுக்கும்.

நிலையான தீர்வு பரணில் இருக்கிறது. விளக்குத் துளை, குழாய்த் துளை, பரண் கதவின் இடுக்கு ஆகியவற்றை அடைத்து, வெப்பக்காப்பைத் தடிமனாக்கி, கூரைக்கு அடியில் குளிர்காற்று ஓடும்படி செய்ய வேண்டும். பனி விழுந்த மறுநாள் தெருவில் நின்று கூரைகளைப் பாருங்கள். பனி சீராகப் போர்த்தியிருக்கும் கூரைதான் நல்ல கூரை. முதலில் வெறுமையாகும் கூரைக்குக் கீழே வெப்பச் செலவு எகிறிக்கொண்டிருக்கும்.

வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல்

படிப்பதை நிறுத்திவிட்டு எல்லாரையும் வெளியே கூட்டிப் போங்கள், அவசர எண்ணை அங்கிருந்து அழையுங்கள். ஒருவருக்கு மட்டும் வந்தால் சளிக்காய்ச்சல் என்று நினைக்கலாம்; காய்ச்சலே இல்லாமல் எல்லாருக்கும் வந்தால், வெளியே போனதும் தெளிந்தால், அது கார்பன் மோனாக்சைடாக இருக்கக்கூடும். நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தை அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும்.

பனி ஊரில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஹீட்டர் புகைக்குழாயைச் சறுக்கிக் குவிந்த பனி மூடிவிடும். பெரிய பனிப்பொழிவுக்குப் பிறகு வாசலை வாருவதற்கு முன் அந்தக் குழாயைச் சுற்றி வாருங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கார் கொட்டகையிலோ ஓட்டக்கூடாது, கதவு திறந்திருந்தாலும்கூட. பனியில் சிக்கிய காருக்குள் ஹீட்டர் போட்டு உட்காருவதற்கு முன் சைலன்சர் வாயைத் தோண்டி விடுங்கள். படுக்கையறைக்கு அருகில் ஓர் அலாரம் கட்டாயம்.

பனி வாருகையில் மூச்சு முட்டுகிறது, இடுப்பு பிடிக்கிறது

பனிக்கு எடை இல்லை என்ற நினைப்பில் வரும் வினை. குளிரில் விழுந்த புதுப் பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ இருக்கும். பூஜ்யத்தை ஒட்டி விழும் ஈரப் பனி 300 கிலோவைத் தொடக்கூடும். அதாவது 20 சதுர மீட்டர் வாசலில் 10 சென்டிமீட்டர் கிடந்தால், ஒரு நாள் 100 கிலோ, இன்னொரு நாள் 600 கிலோ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

தூக்கி எறியாமல் தள்ளுங்கள். தூக்க வேண்டி வந்தால் பாதி வாரி, முழங்காலை மடக்கி, இடுப்பைத் திருகாமல் முழு உடம்போடு திரும்பிக் கொட்டுங்கள். விழுந்து முடியட்டும் என்று காத்திருக்காமல் இரண்டு முறையாக வாருவது இலகு. மார்பு இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, வழக்கமில்லாத வியர்வை வந்தால் பனிவாரியைக் கீழே போட்டுவிட்டு உதவிக்கு அழையுங்கள். குளிர் ரத்தக்குழாய்களைச் சுருக்கும் நேரத்தில் திடீரென்று கடும் உழைப்பு. இதயநோய் உள்ளவர்கள் இந்த வேலையைப் பிறரிடம் விட்டுவிடுவதே நல்லது.

உப்பு போட்டும் கரையவில்லை

தெர்மாமீட்டரைப் பாருங்கள். சாதாரண உப்பு பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி வரை ஒழுங்காக வேலை செய்யும். அதற்குக் கீழே சோம்பும். 21-ஐத் தாண்டினால் எவ்வளவு கொட்டினாலும் உருகாது. அந்த நாட்களில் மணல் தூவுங்கள். உருக்காது, ஆனால் கால் பிடிக்கும். நடக்கும்போது அடியைக் குறுக்கி, பாதம் முழுவதையும் பதித்து, பெங்குவின் நடை. கையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கார் "கிளிக்" என்கிறது, கிளம்பவில்லை

பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் பேட்டரிக்குப் பாதி பலம்தான் இருக்கும். அதே நேரத்தில் எஞ்சின் எண்ணெய் கெட்டியாகி, சுழற்ற அதிக பலம் கேட்கும். கோடையில் தள்ளாடிக்கொண்டு ஓடிய பேட்டரி முதல் கடுங்குளிர் நாளில் விழுவது இதனால்தான். இலையுதிர்காலத்திலேயே பேட்டரியைச் சோதித்து வைப்பது நல்லது.

வேறொரு காரிலிருந்து மின்சாரம் வாங்கினால் வரிசை முக்கியம்: சிவப்புக் கம்பி முதலில் செத்த பேட்டரியின் கூட்டல் முனையில், பிறகு நல்ல பேட்டரியின் கூட்டல் முனையில். கறுப்புக் கம்பி நல்ல பேட்டரியின் கழித்தல் முனையில், அதன் மறுமுனை செத்த காரின் எஞ்சினில் வண்ணம் பூசாத உலோகத்தில், பேட்டரியை விட்டுத் தள்ளி. தீப்பொறி வந்தாலும் பேட்டரிக்கு அருகில் வராது. பேட்டரி உப்பியோ விரிசல் விட்டோ இருந்தால் உள்ளே உறைந்திருக்கிறது; தொடாதீர்கள். சார்ஜ் நிறைந்த பேட்டரி சாதாரணக் குளிருக்கு உறையாது, வெறுமையான பேட்டரி உறைந்துவிடும்.

காரில் வரும் மற்றக் கோளாறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கதவு ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் முதலில் உள்நோக்கி அழுத்துங்கள், ஒட்டிய கட்டி உடையும். கதவு ரப்பரில் முன்கூட்டியே சிலிகோன் பூசியிருந்தால் ஒட்டவே ஒட்டாது. முன்கண்ணாடியில் வெந்நீர் ஊற்றக்கூடாது, கீறல் நீளும். கண்ணாடி உள்பக்கம் மங்கினால் ஹீட்டரோடு ஏ.சி.யையும் போட்டு, உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அணையுங்கள், ஏ.சி. இங்கே ஈரத்தை உறிஞ்சும் கருவி. காலணியோடு உள்ளே வரும் பனியைத் தட்டிவிட்டு ஏறினால் மங்கல் பாதியாகக் குறையும். ஒவ்வொரு 5 அல்லது 6 டிகிரி இறக்கத்துக்கும் டயரில் சுமார் ஒரு பிஎஸ்ஐ காற்றழுத்தம் குறையும், ஆகவே குளிர்ந்த டயரில் அளந்து நிரப்புங்கள். வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே நிலைத்துவிட்டால் குளிர்கால டயர். பக்கவாட்டில் மூன்று சிகரமும் பனித்துகளும் உள்ள சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். நனைந்த காரை இரவு நிறுத்தும்போது சமதளமாக இருந்தால் கைபிரேக்கை இழுக்காதீர்கள், கியரில் விட்டாலே போதும். கைபிரேக் பிடித்த இடத்திலேயே உறைந்துவிடும்.

விரல் நுனி வெள்ளையாகிறது, வலி நின்றுவிட்டது

வலி நின்றது நல்ல செய்தி அல்ல. தோல் வெளுத்து, மெழுகுபோல் இருந்தால் உறைவு தொடங்கிவிட்டது. இன்னும் மென்மையாக இருக்கும்போதே உள்ளே போய், விரலை அக்குளில் வைத்துச் சூடேற்றுங்கள். தேய்க்கக்கூடாது. பனியால் தேய்க்கச் சொல்லும் பழைய வைத்தியம் சதையைக் கிழிக்கும். ஹீட்டருக்கு முன்னும் நீட்டாதீர்கள். உணர்வில்லாத தோல் வெந்தாலும் தெரியாது. கெட்டியாகிவிட்டதென்றால் 37 முதல் 39 டிகிரி நீரில் அமிழ்த்துங்கள், வேறொருவர் முழங்கை தாங்கும் சூடாக இருக்க வேண்டும். மறுபடி குளிரில் போக வேண்டியிருந்தால் உருக்கவே வேண்டாம். உருகி மீண்டும் உறைந்தால் சேதம் அதிகம். கொப்புளத்தை உடைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நண்பர் நடுங்கிக்கொண்டிருந்தார், இப்போது நடுங்கவில்லை, பேச்சு குழறுகிறது

உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்கு வெகுவாகக் கீழே போய்விட்டது என்று பொருள். நடுக்கம் நின்றது உடம்பு கைவிட்டதன் அடையாளம். உதவிக்கு அழைத்துவிட்டு, காற்று படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈரத் துணியைக் களைந்து, உலர்ந்ததைப் போர்த்துங்கள். கை கால்களைவிட மார்பும் கழுத்தும் சூடாவது முக்கியம். முழு நினைவோடு இருந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம். மது கூடாது. அது தோலுக்கு ரத்தத்தை அனுப்பிச் சூடு தருவதுபோல் காட்டி, உள்ளிருக்கும் சூட்டைக் கொட்டிவிடும்.

பருத்தி உடுப்புதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். வியர்வையைக் குடித்துவிட்டு விடாமல் வைத்துக்கொள்ளும். தோலை ஒட்டிக் கம்பளியோ செயற்கை இழையோ அணிந்து, கிளம்பும்போது சற்றுக் குளிரும்படி உடுத்துங்கள். ஏறும்போது ஒரு மேலாடையைக் கழற்றி, நிற்கும்போது போட்டுக்கொள்ள வேண்டும். சோம்பேறித்தனமாக அப்படியே விட்டவர்கள்தான் சறுக்குத்தடத்தின் உச்சிக்கு ஏற்றிச்செல்லும் திறந்த லிஃப்ட்டில் உட்கார்ந்து நடுங்குவார்கள்.

மாலையில் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்துகிறது

விழிப்படலம் வெயிலில் வெந்திருக்கிறது. புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். 1000 மீட்டர் ஏறினால் கதிரின் வலிமை சுமார் 10 சதவீதம் கூடும். சுட்ட சில மணி நேரம் கழித்தே தெரியும் என்பதால் பகலில் எச்சரிக்கை கிடைக்காது. கண்ணைக் கசக்காமல், கான்டாக்ட் லென்சைக் கழற்றிவிட்டு, இருட்டறையில் ஓய்வெடுங்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறும். பார்வை மங்கினால் மருத்துவர். மேகமூட்டமான நாளிலும் கண்ணாடி வேண்டும்.

ஸ்கீ பூட்ஸ் கொல்கிறது

சறுக்குத்தடத்துக்கு வந்துவிட்டோம். இங்கே கேட்கும் புலம்பலில் பெரும்பகுதி பூட்ஸ் பற்றியதுதான். நான் முதல் நாள் வாடகைக்கு எடுத்தபோது, கால் வலிக்கும் என்று பயந்து ஒன்றரை அளவு பெரிதாகக் கேட்டு வாங்கினேன். இரண்டு கம்பளிக் காலுறை வேறு. மாலையில் இரு பெருவிரல் நகமும் கறுத்துவிட்டன. பெரிய பூட்ஸில் கால் முன்னும் பின்னும் ஓடி, ஒவ்வொரு இறக்கத்திலும் நகம் பிளாஸ்டிக்கில் மோதியிருக்கிறது. கால் நிற்கவில்லை என்று கொக்கிகளை இறுக்கினேன், ரத்தம் நின்று பாதம் விறைத்தது. வலித்தது இறுக்கத்தால் அல்ல, தளர்வால்.

ஸ்கீ பூட்ஸின் அளவு எண், பாதத்தின் நீளம் சென்டிமீட்டரில். சுவரில் குதிகாலை ஒட்டி நின்று அளந்துகொண்டு போங்கள்; தெருக் காலணியின் எண்ணைச் சொல்லாதீர்கள். உள்மெத்தையைக் கழற்றி, வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல் முன்னே தொடும்படி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் சரி. மெத்தையோடு போட்டு நிமிர்ந்து நின்றால் விரல் நுனி லேசாக உரச வேண்டும், முழங்காலை முன்னே மடக்கினால் பின்வாங்க வேண்டும். கடையில் உரசுகிறதே என்று பயந்து மாற்றிவிடுகிறவர்கள் என் கதைக்கு வந்து சேருவார்கள்.

மாட்டும் முறையும் உண்டு. மெல்லிய காலுறை ஒன்றே ஒன்று, சுருக்கமில்லாமல். உள் காற்சட்டையின் விளிம்பு பூட்ஸுக்குள் போகக்கூடாது. ஒரு மடிப்பு போதும், கணைக்கால் எலும்பின் முன்பக்கம் மதியத்துக்குள் சிவந்துவிடும். காலை விட்டபின் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டிப் பின்னே தள்ளி, முதலில் கணுக்காலுக்கு மேலுள்ள கொக்கி. விரல் பக்கக் கொக்கிகள் கடைசியில், பெயருக்கு. லிஃப்ட்டில் ஏறும்போது தளர்த்தி, இறங்கும்போது இறுக்குங்கள்.

பூட்ஸ் ஸ்கீயில் பொருந்தவில்லை, அல்லது சும்மா கழன்றுவிடுகிறது

நூற்றுக்குத் தொண்ணூறு முறை பூட்ஸின் அடியில் அமுங்கிய பனி. பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் பைண்டிங்கின் ஓரத்தில் தேய்த்து வழித்துவிட்டு, முன்நுனியைச் செருகி, பிறகு குதிகாலை அழுத்துங்கள். குதிகால் பிடி திறந்த நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சரிவில் நிற்கிறீர்களென்றால் கீழ்ப்பக்கத்து ஸ்கீயை முதலில் மாட்டுங்கள்.

சுத்தமாக இருந்தும் கழன்றால் பைண்டிங் எண்ணை நீங்களே திருகாதீர்கள். உங்கள் எடை, உயரம், வயது, திறன், பூட்ஸ் அடியின் நீளம் எல்லாம் சேர்ந்து முடிவாகும் எண் அது. அதிகமாக வைத்தால் கழல வேண்டிய நேரத்தில் கழலாது. அப்போது முழங்கால் நாண் போகும். வாடகைக் கடையில் எடையைக் குறைத்துச் சொல்வதும், திறனைக் கூட்டிச் சொல்வதும் இதே கணக்கைக் குழப்பும்.

ஸ்கீயை "வி" போல் விரித்தும் வேகம் குறையவில்லை

பின்னால் சாய்ந்திருக்கிறீர்கள். பயத்தில் எல்லாரும் சாய்வதுதான். சாய்ந்தால் எடை ஸ்கீயின் வாலுக்குப் போய், திருப்ப வேண்டிய முன்பாகம் காற்றில் ஆடும். பூட்ஸின் முன்நாக்கில் கணைக்கால் எலும்பு அழுந்துகிறதா என்று மட்டும் கவனியுங்கள். கை இரண்டும் முன்னே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில். நேரே கீழே பார்த்துக்கொண்டு பிரேக் பிடிப்பதைவிட, குறுக்கே திரும்பி மேட்டை நோக்கி வளைந்தால் வேகம் தானே சாகும். நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால், பாதங்களை இன்னும் விலக்குங்கள்.

விழப்போவது உறுதியானால் பக்கவாட்டில், மேட்டுப்பக்கம் விழுந்து, சறுக்கல் நிற்கும்வரை எழ முயலாதீர்கள். கையில் பிடித்திருக்கும் கோலை விட்டுவிடுங்கள்; பிடித்துக்கொண்டே விழுந்தால் கட்டைவிரலின் நாண் கிழியும்.

இன்னொன்று, சர்வதேச ஸ்கீ, ஸ்னோபோர்டு கூட்டமைப்பின் 10 நடத்தை விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது: பின்னால் வருகிறவர்தான் முன்னால் போகிறவருக்கு ஆபத்தில்லாமல் வழி தேர்ந்தெடுக்க வேண்டும். கத்திக்கொண்டு வருவது வழி தேர்ந்தெடுத்ததாகாது.

ஸ்கீ ஓடாமல் ஒட்டுகிறது

சூடான அறையிலிருந்து எடுத்து வந்து அப்படியே பனிமேல் வைத்தீர்களா? அடிப்பரப்பில் பட்ட பனி உருகி, உடனே உறைந்து, மேலும் பனியைப் பிடித்துக்கொள்கிறது. வழித்துவிட்டு, கால் மணி நேரம் வெளியே நிறுத்திக் குளிரவிடுங்கள். அடிப்பரப்பு வெளுத்து வறண்டிருந்தால் மெழுகு தீர்ந்துவிட்டது. இளவேனில் ஈரப்பனியில் பிற்பகல் ஒட்டுவது வேறு: பனியில் நீர் மிகுந்து உறிஞ்சுகிறது. அதற்கேற்ற மெழுகு உண்டு, ஆனால் அதிகாலையில் சறுக்கிவிட்டு மதியத்துக்குள் வீடு திரும்புவது அதைவிட மலிவு.

மாறாக, கெட்டித்த தடத்தில் கடகடவென்று அதிர்ந்து பக்கவாட்டில் வழுக்கினால் ஓரத் தகடு மழுங்கியிருக்கிறது. நகத்தை அதன்மேல் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் துளி செதுக்கப்பட்டால் கூர் இருக்கிறது.

காகிள்ஸ் மங்குகிறது

நெற்றிமேல் ஏற்றி வைத்தீர்கள். நெற்றி வியர்வையின் ஆவி முழுக்க உள்ளே. கழுத்துத் துணியைக் காகிள்ஸின் அடியில் செருகியிருந்தால் மூச்சும் உள்ளேதான் போகும். உள்பக்கத்தைக் கையுறையால் துடைக்காதீர்கள், மங்கலைத் தடுக்கும் பூச்சு போய்விடும். உதறிவிட்டு, உலரவிட்டு, முகத்திலேயே வைத்திருங்கள்; நகரும்போது துளைகளில் புகும் காற்று தெளிவாக்கிவிடும்.

தடத்துக்கு வெளியே, காலடியில் "உம்ப்" என்று ஓர் ஓசை

நில்லுங்கள். பனியின் உள்ளே ஒரு பலவீனமான அடுக்கு நொறுங்கியது அந்த ஓசை. ஸ்கீ நுனியிலிருந்து விரிசல் ஓடினாலும் அதே செய்தி. வந்த வழியே, சரிவு குறைந்த பக்கமாக, ஒவ்வொருவராகத் திரும்புங்கள். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில் கிளம்புகின்றன. சறுக்குவதற்கு இன்பமான சாய்வும் அதுவேதான். பெரும் பனிப்பொழிவுக்கும் பலத்த காற்றுக்கும் பிந்திய ஒன்றிரண்டு நாட்களில் வானம் நீலமாக இருக்கும், பனி தொடப்படாமல் கிடக்கும், எல்லாருக்கும் ஆசை வரும். அபாய அறிக்கையில் ஐந்து படிகள் உண்டு. "மூன்று நடுவில்தானே" என்று நினைப்பவர்களை மலை பலமுறை புதைத்திருக்கிறது.

குறிப்பறிவிப்பான் (புதைந்தவர் இருக்கும் இடத்தை ரேடியோ அலையால் காட்டும் கருவி), துழாவுகோல் (பனிக்குள் குத்தித் தேடும் நீண்ட கோல்), பனிவாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும், பழகியும் இருக்க வேண்டும். புதைந்தவரை முதல் 10, 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அரை மணி கடந்தால் அந்த வாய்ப்பு சரிந்துவிடுகிறது. மீட்புக் குழு வரும்வரை நேரம் காத்திருக்காது. காட்டு ஓரத்தில் போகும்போது பெரிய ஊசியிலை மரங்களின் அடிமரத்தை நெருங்காதீர்கள். தாழ்ந்த கிளைகளுக்குக் கீழே பனி இறுகாமல் கிணறுபோல் பள்ளமிருக்கும், தலைகீழாக விழுந்தவர் தானாக வெளியேற முடியாது. துணையைக் கண்ணில் வைத்துக்கொண்டே சறுக்குங்கள்.

மறுநாள் காலை பூட்ஸில் கால் நுழையவில்லை

இரவு முழுக்கக் காரின் டிக்கியில் விட்டிருப்பீர்கள். பிளாஸ்டிக் குளிரில் கல்லாகியிருக்கும், நேற்றைய வியர்வை மெத்தைக்குள் உறைந்திருக்கும். அடம்பிடித்து நுழைத்தாலும் அந்த ஈரம் பத்து நிமிடத்தில் விரலை விறைக்க வைக்கும். இப்போதைக்கு, காரின் கால்பக்கத்து ஹீட்டர் காற்று படும்படி வைத்து ஓட்டிக்கொண்டு போங்கள். மாலையில் வீட்டுக்கு வந்ததும் உள்மெத்தையை உருவி, அதன் உள்ளிருக்கும் பாத அட்டையையும் எடுத்து, அறை வெப்பத்தில் காற்றாட வையுங்கள். அடுப்புக்கும் ஹீட்டருக்கும் பக்கத்தில் வேண்டாம், மெத்தையின் வடிவம் கெடும். முழுக்க உலர்ந்தபின் மெத்தையை ஓட்டுக்குள் திரும்பச் செருகி, கொக்கிகளை லேசாகப் பூட்டி வையுங்கள். திறந்தே விட்டால் ஓடு விரிந்த வடிவத்திலேயே நின்றுவிடும்.